அகன்ற டயரும் பழைய சக்கரமும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் பலருக்கு ஓர் ஆசை உண்டு. வண்டியோடு வந்த டயர் தேய்ந்தவுடன், அதனினும் அகன்ற டயரை அதே சக்கரத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பதே அது. வண்டி தரையை இறுகப் பற்றும், பார்வைக்கும் கம்பீரமாய் இருக்கும் என்பது அவர்தம் கருத்து. தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் டயருக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். சென்ற விடுமுறையில் எம் சிற்றப்பாவின் வண்டியில் நேர்ந்ததொரு நிகழ்ச்சியே எம்மை இப்பொருளில் புகுத்திற்று.

அவர் வாங்கியது கைமாறிய பழைய வண்டி. அதன் டயரில் 185/65 ஆர் 15 என்று பொறித்திருந்தது. கடைக்காரர் ஒருவர் 205/65 ஆர் 15 அளவுள்ள டயர்கள் நான்கினை அப்பழைய சக்கரங்களிலேயே ஏற்றிக் கொடுத்தார். சிற்றப்பா தனியே ஓட்டிய நாள்களில் குறையொன்றும் தோன்றவில்லை. பாட்டியார் உட்பட ஐவர் மூட்டை முடிச்சுகளோடு ஊருக்குப் புறப்பட்ட அன்றோ, வேகத்தடையில் இறங்குந்தோறும் பின்புறத்தே கரகரவென்று ஓசை எழுந்தது. வழியில் நிறுத்திக் கீழே குனிந்து பார்த்தோம். பின்சக்கரத்து டயரின் தோளைச் சுற்றி, நகம் பதியுமளவு ஒரு கோடு விழுந்திருந்தது. மட்கார்டின் உள்விளிம்பு அறுத்த கோடு அது. மீதி வழியெல்லாம் மெல்ல ஊர்ந்தே சென்றோம். பாட்டியார் ஒரு சொல்லும் பேசவில்லை.

நிற்க. டயரின் பக்கத்தே உள்ள எண்கள் சூத்திரம் போன்றவை; பதம் பிரித்தாலன்றிப் பொருள் விளங்கா. 185 என்பது காற்றடைத்த டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆயின் அது மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. ஆர் என்பது ரேடியல் என்னும் அமைப்பைக் குறிக்கும். 15 என்பது சக்கரத்தின் குறுக்களவு, அங்குலத்தில். ஒரே சூத்திரத்துள் மூவகை அளவை விரவி வருதலைக் காண்க! இரண்டு டயரிலும் 65 என்று இருத்தலால் உயரமும் ஒன்றே என்று கொள்வார் ஏமாறுவர். 185-இல் 65 பங்கு 120 மில்லிமீட்டர்; 205-இல் 65 பங்கு 133. எனவே முழு டயரின் குறுக்களவு 621½ மில்லிமீட்டரிலிருந்து 647½ ஆகிவிடுகின்றது. அச்சுக்கு மேலே 13 மில்லிமீட்டர் உயர்ந்த டயர், சுமை ஏறி வண்டி தாழ்ந்தபொழுது மட்கார்டைத் தொடுவதில் வியப்பில்லை. அன்றியும் வேகங்காட்டி பழைய சுற்றளவையே நம்பியிருத்தலின், அது 100 என்று காட்டுகையில் வண்டி ஏறத்தாழ 104 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

இனி, பலரும் நோக்காத சக்கரத்தின் அகலத்திற்கு வருவோம். இது டயரின் அடிவிளிம்புகள் இரண்டும் அமரும் இடத்திற்கு இடைப்பட்ட அளவு. வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை நாடா பிடித்து அளந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் மிகுதியாகக் காட்டும். யாமும் முதலில் அங்ஙனமே அளந்து பிழைபட்டோம். சக்கரத்தின் உட்புறத்தே 5½ ஜே என்று பொறித்திருந்தமை பின்னரே கண்ணிற்பட்டது. ஒவ்வோர் அளவு டயருக்கும் ஏற்ற சக்கர அகலம் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று வரையறை உண்டு. 185/65-க்கு 5 முதல் 6½ அங்குலம். 205/65-க்கு 5½ முதல் 7½. 215/65-க்கோ 6-க்குக் குறைதல் ஆகாது. ஆகவே எம் சிற்றப்பாவின் டயர் வரையறையின் கடைசி ஓரத்தில் நின்றது. இன்னும் ஒரு படி அகன்றதை ஏற்றியிருப்பின் வரம்பே கடந்திருக்கும்.

குறுகிய சக்கரத்தில் அகன்ற டயர் ஏறின் விளைவது யாது? அடிவிளிம்புகள் நெருங்க, பக்கச்சுவர்கள் வெளியே பிதுங்கும். தரையைத் தொடும் முகம் வில்லென வளைந்து நடுவே மிகத் தேயும். திருப்பத்தில் ஸ்டியரிங் பணித்ததை வண்டி சற்றுத் தாழ்த்தே கேட்கும். காற்றும் குறைந்து, திருப்பமும் கடியதாயின், அடிவிளிம்பு சக்கரத்தினின்று நழுவவும் கூடும். இன்னொன்று. 205 என்னும் அகலம் 6 அங்குலச் சக்கரத்தில் ஏற்றி அளந்தது. சக்கரம் அரை அங்குலம் குறுகின் டயர் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் குறுகும். விலை கொடுத்தது 205-க்கு, பெற்றதோ 200.

அகன்ற டயர் தரையை மிகுதியாகத் தொடும் என்பதும் ஆராய்தற்குரியது. ஒரு சக்கரத்தின்மேல் 300 கிலோ சுமை, உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ காற்றழுத்தம் எனக் கொள்வோம். தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர். அது 15 அகலமும் 10 நீளமுமாய் இருந்தது, டயர் அகன்றபின் 16½ அகலமும் 9 நீளமுமாய் மாறும். மாறுவது வடிவே, பரப்பு பெரிதும் மாறாது. உலர்ந்த சாலைத் திருப்பங்களில் இவ்வடிவினால் நன்மை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. மழைநீர் தேங்கிய சாலையிலோ அகன்ற முகம் மிகுந்த நீரைத் தள்ள வேண்டியிருத்தலின், நீரின்மேல் மிதந்து பிடியிழத்தல் விரைவில் நேரும். ஐப்பசியில் பயணம் செய்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய 185-ஐயே மீண்டும் ஏற்றுக என்பது எம் கருத்து. சிற்றப்பா இசையவில்லை. முடிவில் 195/60 ஆர் 15 என்பதில் இருவரும் உடன்பட்டோம். அதன் குறுக்களவு 615. பழையதினும் நூற்றுக்கு ஒரு பங்கே குறைவு. வரையறை 5½-இல் தொடங்குகின்றது. சுமை எண்ணும் பழையதைப் போன்றே 88, அஃதாவது ஒரு டயருக்கு 560 கிலோ. அறுபட்டது போக மற்ற மூன்றினையும் கடைக்காரர் பாதி விலைக்கே திரும்பப் பெற்றார். புதியதும் எம் சக்கரத்தில் 190 அகலமே காட்டுதலின், இத்துணைப் பாடுபட்டுப் பெற்ற மிகுதி 5 மில்லிமீட்டர். பாட்டியார் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

ஸ்டெப்னி மட்டும் 185 ஆகவே உள்ளது. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் ஸ்டெப்னி என்னும் தெருவில் 1904-இல் தோன்றிய மாற்றுச் சக்கரத்தின் பெயர், நம் ஊர்ப் பஞ்சர்க் கடை வரை வந்து வழங்குவது சொல்லாராய்ச்சி செய்வார்க்கு இனிய செய்தி. அளவு வேறுபட்ட அதனை, பஞ்சர் ஆயின் அடுத்த கடை வரை மெல்லச் செல்லுதற்கு மட்டுமே கொள்வது என்று சிற்றப்பாவும் யாமும் பேசி வைத்துள்ளோம்.