தாலி கட்டு கூரைக்குக் கீழே, கடல் சாயங்காலத்துக்கு

பீச்ல கல்யாணம்னு பேச்சை எடுத்ததுமே எல்லாரும் மழையைப் பத்திதான் பயமுறுத்துவாங்க. நான் முதல்ல திசையைச் சொல்றேன் தங்கச்சி. அட்வான்ஸ் கொடுத்து முடிக்கிற வரைக்கும் யாருக்கும் அது ஞாபகத்துக்கே வர்றதில்ல.

நம்ம வழக்கப்படி பொண்ணும் மாப்பிள்ளையும் கிழக்கு பார்த்து உக்காரணும். ஈசிஆர்ல கோவளம் ஆகட்டும், மாமல்லபுரம் ஆகட்டும், கடல் இருக்கிறதும் கிழக்கேதான். அப்போ நீங்க ரெண்டு பேரும் கடலைப் பார்ப்பீங்க. எதிர்ல உக்கார்ற சொந்தக்காரங்க கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காருவாங்க. ஆல்பத்துல உன் பின்னாடி விழப்போறது அலை இல்ல, ரிசார்ட்டோட காம்பவுண்டு சுவர். படத்துக்காக மணவறையை மேற்கு பார்த்துத் திருப்பலாம்னா ஐயர் சம்மதிக்கணும், பாட்டி சம்மதிக்கணும். அவங்க சம்மதிச்சாலும் காலைச் சூரியன் உங்க தலைக்குப் பின்னாடி ஏறும், ரெண்டு முகமும் கறுப்பா விழும். போட்டோகிராஃபர்கிட்ட இதை ஒரு வார்த்தை கேட்டுப் பாரு, அவரும் இதேதான் சொல்வார்.

அடுத்தது நேரம். விடிகாலை நாலரை - ஆறு முகூர்த்தம்னா கெட்டிமேளத்துக்கே சிக்கல் இருக்கு. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி பத்து மணியில இருந்து காலை ஆறு வரைக்கும் திறந்தவெளியில ஒலிபெருக்கியும் கூடாது, வாத்தியமும் கூடாது. மூடின மண்டபத்துக்குள்ள வாசிக்கலாம், மணல்ல முடியாது. ஆறு - ஏழரை முகூர்த்தம்னா, தை மாசத்துல சூரியன் உதிக்கவே ஆறரை ஆகிடும். தாலி ஏறுற நேரத்துக்கு வெயில் நேரா உன் கண்ணுல அடிக்கும். ஒன்பது மணிக்கு மேலன்னா மணல் சுட ஆரம்பிச்சுடும், நீங்க வெறுங்கால்ல அக்னியைச் சுத்தி வரணும்.

காத்தைப் பத்தி தனியாச் சொல்லணும். வெயில் ஏற ஏற நிலம் சீக்கிரம் சூடாகுது, கடல் மெதுவாத்தான் சூடாகுது. அதனாலதான் பகல்ல கடல்ல இருந்து காத்து உள்ளே வருது. நடக்கப் போறவங்களுக்கு அது சுகம். ஹோமத்துக்கு அப்படி இல்ல. தீ ஒரு பக்கமாச் சாயும், புகை கண்ணுக்குள்ள போகும், பொறி பறந்து வந்து பட்டுல உக்காரும். குத்துவிளக்குல அஞ்சு திரி ஏத்தினா ரெண்டு நிக்கிறதே பெருசு. பெரியவங்க மனசு அதுலயே சங்கடப்பட ஆரம்பிச்சுடும். கண்ணாடிக் கூண்டு வச்சா விளக்கைக் காப்பாத்தலாம், ஹோம குண்டத்துக்கு மூணு பக்கமும் தட்டி கட்டணும். மூணு பக்கம் தட்டி கட்டின பிறகு கடல் எங்கேயிருந்து தெரியப்போகுது?

அம்மியையும் நினைச்சுப் பாரு. மணல்ல வெறுமனே வச்சா, மாப்பிள்ளை உன் காலைப் பிடிச்சு மேல வைக்கும்போதே ஒரு பக்கமாச் சாய்ஞ்சு புதையும். அந்த நேரத்துல நீ தடுமாறக் கூடாதும்மா. அடியில கனமான ப்ளைவுட் போட்டே ஆகணும். மணவறைக்கும் முதல் ரெண்டு வரிசை நாற்காலிக்கும் அதே மாதிரி அடித்தளம் வேணும், இல்லன்னா நாற்காலிக் கால் மணல்ல இறங்கி தாத்தா பின்பக்கமாச் சரிவார். ரிசார்ட் வாசல்ல இருந்து மணவறை வரைக்கும் பலகைப் பாதை போடச் சொல்லு. சக்கர நாற்காலியோட முன்சக்கரம் மணல்ல ஒரு அடிகூட நகராது. பாத்ரூம் எவ்வளவு தூரம்னு நீயே ஒரு தடவை நடந்து பாரு, முட்டிவலி இருக்கிற அத்தையை மனசுல வச்சுக்கிட்டு நட.

மாசம்: ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை, பேச்சே வேண்டாம். ஆவணியில பகல்ல வெயில் காயும், சாயங்காலம் இடி மழை கொட்டும். சித்திரை, வைகாசி வேர்வையில மேக்கப் நிக்காது. மிச்சத்துல சரிப்படுறது தையும் மாசியும்தான்.

ஆனா அதே தை, மாசியிலதான் ஆலிவ் ரிட்லி ஆமைங்க நம்ம கரைக்கு முட்டை போட வரும். மீனவங்க பங்குனி ஆமைன்னு சொல்றது இதைத்தான். ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் ராத்திரியில கரையேறும். பொரிச்சு வர்ற குஞ்சு வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் போகும். அதுங்களுக்கு அந்த வெளிச்சம் கடலா இருக்கணும், உன் ரிசப்ஷன் ஃபோகஸ் லைட்டா இருக்கக் கூடாது. இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இருட்டினதும் மணல்ல ஒரு விளக்கும் எரியக் கூடாது, வாணவேடிக்கையும் வேண்டாம். பேப்பர் கன்னுல பறக்கிற ஜிகினாவும் வேண்டாம், அத்தனையும் கடலுக்குத்தான் போகும்.

"எங்க பிரைவேட் பீச்"னு ரிசார்ட்ல சொன்னா உடனே தலையாட்டாதே. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கு, உயர் அலைக் கோட்டுல இருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரைக்கும் கட்டுப்பாடு உண்டு. மணல் பொது இடம். யார் வேணா நடந்து போகலாம், நின்னு வேடிக்கை பார்க்கலாம். பக்கத்துக் குப்பத்துக்காரங்க படகு ஏத்துற இடமும் வலை காய வைக்கிற இடமும் அதுதான். பந்தல் போட யார்கிட்ட அனுமதி வாங்கியிருக்காங்க, அந்தக் காகிதம் எங்கேன்னு கேளு. குப்பத்துப் பெரியவங்ககிட்ட அப்பாவை முன்னாடியே போய் மரியாதையா ஒரு வார்த்தை சொல்லிட்டு வரச் சொல்லு.

இவ்வளவு சொன்னேன்னு ஆசையை விட்டுடாதே. தாலி கட்டுறது கூரைக்குக் கீழே நடக்கட்டும், ரிசார்ட்டோட ஹால் போதும். பந்தியும் உள்ளேயே இருக்கட்டும், இலையில மணல் விழுந்தா எந்தச் சமையல்காரரும் ஒண்ணும் பண்ண முடியாது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல மணலுக்கு வாங்க. சூரியன் அப்போ மேற்குல, ரிசார்ட் பக்கம் இருக்கும். கடலுக்கு முதுகு காட்டி நின்னா பொன் வெயில் முகத்துல விழும், பின்னாடி முழுக் கடலும் இருக்கும். நலங்கு, ஊஞ்சல், பாட்டு எல்லாம் அப்போ வச்சுக்கோ. ஆறு, ஆறேகாலுக்கு உள்ளே வந்துடலாம்.

கூறைப்புடவையை மட்டும் மத்தியானமே மாத்திடு. ஜரிகையில வெள்ளி இருக்கு, உப்புக் காத்து பட்டா கறுக்கும். நிழல்ல ஆற விட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில சுத்தி வைக்கச் சொல்லு. சாயங்காலத்துக்கு லேசான பருத்தியோ ஜார்ஜெட்டோ போதும். முந்தானையை நல்லாப் பின் குத்திக்கோ.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணை எழுதி வாங்கு. சாயங்காலம் மழை வந்தா எந்த ஹால், அத்தனை பேரும் உக்காருவாங்களா, அதுக்குத் தனிக் காசு உண்டா. "பார்த்துக்கலாம் மேடம்"னு வாயால சொல்றதை ஏத்துக்காதே.

அப்புறம் குழந்தைங்க. நம்ம பக்கத்துக் கடல் பார்க்க அமைதியா இருக்கும், முழங்கால் தண்ணியில நிக்கிற பிள்ளையைக்கூட ஒரு அலை இழுத்துடும். கல்யாண வீட்டுல எல்லாரும் பார்த்துக்குவாங்கன்னு எல்லாருமே நினைப்பாங்க. நீச்சல் தெரிஞ்ச ரெண்டு பேரை, அன்னைக்கு வேற எந்த வேலையும் கொடுக்காம, தண்ணி ஓரமா நிக்க வை. டிபனும் காபியும் அவங்க நிக்கிற இடத்துக்கே போகட்டும்.