விஞ்ஞான உதவியின் பயனை அளப்பது எப்படி?

பயிர்களின் மரபணுக்களை ஆராய்ந்து பிறருக்கு உதவும் நிலையங்களால் விளையும் பயனை எவ்வாறு அளப்பது? வெளியான கட்டுரைகளை எண்ணினால் போதாது. நெய்த துணியைக் கணக்கிட்டு, விற்ற துணியைக் கணக்கிடாத நெசவாளர் சங்கத்தின் ஏட்டையே அது ஒக்கும்.

நெல்லை உதாரணமாகக் கொள்வோம். ஒடிசாவின் எப்.ஆர்.13ஏ என்னும் நெல், வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்க வல்லது. அதற்குக் காரணமான மரபணுவை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்து 2006-இல் வெளியிட்டனர். இதனால் நாற்றின் இலையைச் சோதித்தே வேண்டிய செடியைத் தேர்ந்தெடுக்க இயன்றது. ஒவ்வொரு தலைமுறையையும் நீரில் மூழ்கடித்துப் பார்க்கும் காலம் மிச்சமாயிற்று. இஃது ஆராய்ச்சியாளர் பெற்ற பயன்.

அப்பண்பு சேர்ந்த ஸ்வர்ணா-சப்1 என்னும் ரகம் 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. விதை பெருக்கி விற்போருக்குப் புதிய ரகம் ஒன்று கிடைத்தது. இது தொழில் பெற்ற பயன்.

உழவர் பெற்றது யாது? ஒடிசாவின் 128 கிராமங்களில், குலுக்கல் முறையில் விதை வழங்கி, பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டனர். முடிவு 2013-இல் வெளிவந்தது. பத்து நாள் மூழ்கிய வயலில், பழைய ஸ்வர்ணாவைவிட மகசூல் சுமார் 45 சதவீதம் மிகுந்தது. மூழ்காத வயலிலும் குறைவில்லை. வெள்ளம் தேங்கும் தாழ்வான நிலங்களில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரே மிகுதியாகப் பயிரிடுவதும் புலனாயிற்று.

ஆதலின், அங்கத்தினர்களே, எந்தப் புதிய விதை வரினும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எவருடைய காலம் மிச்சமாயிற்று? எப்பொருள் விற்பனைக்கு வந்தது? அஃது இல்லாத வயலில் விளைச்சல் எவ்வளவு? மூன்றாவதே உரைகல்.