கல்வி உதவியும் ஊதியமுள்ள தொண்டும்

உதவித்தொகை பெற்றுக் கல்லூரியில் பயிலும் மாணவர், மாலை வேளையில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, அதற்கெனச் சிறு ஊதியமும் பெறலாமா? "ஊதியம் பெற்றால் அது தொண்டாகுமா?" என்னும் ஐயம் நம் பெரியோர் பலருக்கு எழக்கூடும். அதனை ஈண்டு ஆராய்வோம்.

நம் குடும்பங்கள் பல வாழும் போளூர் வட்டாரத்திற்கு மேற்கே ஜவ்வாது மலை எழுந்து நிற்கிறது. அங்கே மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் சிதறிய சிற்றூர்களில் சாமை முதலியன பயிரிட்டு வாழ்கின்றனர். நாள்தோறும் மாலையில் மலையேறிச் சென்று பாடம் கற்பிப்பது கீழ்நாட்டார்க்கு எளிதன்று. அவ்வூரிலேயே பிறந்து கல்லூரியை எட்டிய பிள்ளையே அதற்குத் தக்கவர். ஆனால், செலவுக்காகக் கூலிவேலைக்குச் செல்ல வேண்டிய மாணவர், தம் நேரத்தை இலவசமாகத் தருவது எங்ஙனம்?

1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், மாணவரிடம் ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டினை எதிர்பார்க்கிறது, அதற்கு ஊதியமில்லை. அது போற்றத்தக்கதே. எனினும், ஓய்வுநேரம் உடையவர்க்கே அது எளிது. ஏழை மாணவர்க்குத் தரும் ஊதியம் அன்பின் விலையன்று. அவர் கூலிக்கு விற்றிருக்கக் கூடிய நேரத்திற்கான ஈடு.

தமிழக அரசு 27.10.2021 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இதற்கு அண்மைச் சான்று. பெருந்தொற்றுக் காலத்தில் கற்றல் இழந்த பிள்ளைகளுக்கு உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலையில் கற்பித்தனர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்றனர். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமாதலின், கல்லூரியில் பயில்வோரும் இதில் பங்கேற்க இயன்றது. இழந்த கல்வியில் மூன்றில் இரு பங்கு ஆறு மாதங்களில் மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் ஓர் ஆய்வு கண்டது.

அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, பொருள் தேவையுள்ள மாணவர்க்குப் பகுதிநேர வேலை தரும் திட்டம் பிறந்தது. அந்நிதியில் குறைந்தது 7 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடுதல் கல்லூரிகளின் கடமையாகும்.

நம் அறக்கட்டளைகள் இவற்றிலிருந்து கொள்ளத்தக்க நெறிகள் மூன்று:

1. உதவித்தொகை வேறு, ஊதியம் வேறு. உதவி பெற்றதற்காகத் தொண்டு செய்தே தீரவேண்டும் எனக் கட்டாயப்படுத்தினால், தானம் கடனாகிவிடும். பயன் கருதாது கொடுப்பதே ஞானதானம்.

2. பணிநேரம் வகுப்புக்கும் தேர்வுக்கும் இடையூறாகலாகாது. வாரத்திற்கு இத்தனை மணி என முன்னரே வரையறுக்க வேண்டும்.

3. ஊதியம் மாதந்தோறும் தவறாது சேரவேண்டும். தாமதமான ஊதியம் மாணவரை மீண்டும் கூலிவேலைக்கே அனுப்பும்.

இவ்வாறு செய்யின், ஒரு தொகையால் இரு கல்வி வளரும்: கற்பிப்பவர் கல்லூரியில் நிலைப்பார், கற்பவர் பள்ளியில் நிலைப்பார்.

சிந்தனைக்கு:

அ. உம் ஊரில் மாலைப் பாடம் தேவைப்படும் பிள்ளைகள் எத்தனை பேர்?

ஆ. அவர்களுக்குக் கற்பிக்கத்தக்க கல்லூரி மாணவர் எவர்? அவரைத் தடுப்பது விருப்பமின்மையா, வறுமையா?