கரைக்குத் தெரிந்தது, கடலுக்குத் தெரியவில்லை

செயற்கைக்கோள் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவில் வருவது தொலைக்காட்சி. பெரியவர்களுக்கு, டிரங்கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த நாட்கள் நினைவில் வரும். ஊரிலிருந்து தந்தி வந்து, ரயில் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்ட துக்கங்கள் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. இன்று எர்ணாகுளத்தில் இருந்தபடியே திருநெல்வேலியில் உள்ள பாட்டியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம். உலகமே இணைந்துவிட்டது என்று எண்ணுகிறோம்.

ஆனால் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்திலேயே, இந்த இணைப்பு எட்டாமல் போன மனிதர்கள் இருந்தார்கள். அவர்களும் தமிழர்களே. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் நின்றால் குமரி மாவட்டத் தமிழ் காதில் விழும். தூத்தூர் வட்டாரக் கடற்கரைக் கிராமங்களைச் சேர்ந்த ஆழ்கடல் மீனவர்கள் நெடுங்காலமாக இத்துறையிலிருந்து தொழிலுக்குப் போகிறார்கள். சென்றால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும்.

2017 நவம்பர் 30

அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று இலங்கை அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் ஒக்கிப் புயலாக மாறியது. புயல் அறிவிப்பு வெளியானபோது, பல படகுகள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கரையில் இருந்தவர்கள் செய்தியைக் கேட்டார்கள். யாருக்கு அது மிக அவசியமோ, அவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள்.

ஏன் எட்டவில்லை?

காரணம் எளியது: பூமி உருண்டை. கடற்கரையில் 30 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறி நிற்பவருக்குக் கடல் சுமார் 20 கிலோமீட்டர் வரைதான் தெரியும். அதற்கப்பால் கடலின் வளைவு மறைத்துவிடும். கைப்பேசிக் கோபுரத்தின் அலைகளும், படகில் உள்ள வயர்லெஸ் கருவியின் அலைகளும் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. ஆகவே கண்ணுக்கு நேர்ந்த கதிதான் அவற்றுக்கும். கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டர் தாண்டியதும் தொடர்பு அறுந்துவிடும். ஆழ்கடல் படகோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது.

வானத்தில் ஒரு கோபுரம்

கோபுரம் எவ்வளவு உயர்ந்தால் கடல் முழுதும் தெரியும்? இதற்கு விடையை 1945-ஆம் ஆண்டிலேயே ஆர்தர் சி. கிளார்க் எழுதினார். பிற்காலத்தில் இலங்கையில் குடியேறி வாழ்ந்த அதே எழுத்தாளர்தான். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால், அது பூமி சுழலும் வேகத்துக்கு இணையாகச் சுற்றும். நமக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். அங்கிருந்து பூமியின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தெரியும். இத்தகைய முதல் கோளான சின்காம்-3, 1964-இல் ஏவப்பட்டு, டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைப் பசிபிக் கடலுக்கு அப்பால் கொண்டு சென்றது. நம் நாட்டில் 1975-76-இல் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி காட்டப்பட்டது. 1983-இல் இன்சாட்-1பி வந்தது.

கம்பி போதாதா?

இன்று கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் செய்திகளில் மிகப் பெரும்பகுதி செயற்கைக்கோள் வழியாகப் போவதில்லை, கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைகளின் வழியாகவே போகிறது. கோளுக்கு ஏறி இறங்க ஒளிவேகத்திலும் கால் விநாடி ஆகும். கம்பி அதைவிட விரைவு, கொள்ளளவும் அதிகம். செயற்கைக்கோளையே நம்பியிருந்த லட்சத்தீவுகளுக்கும் கொச்சியிலிருந்து கடலடிக் கம்பி போடப்பட்டு, 2024 ஜனவரி 3 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் தீவு ஓரிடத்தில் நிற்பது. படகு ஓரிடத்தில் நிற்பதில்லை. அதற்குக் கம்பி கட்ட முடியாது. கம்பி முடிகிற இடத்தில்தான் செயற்கைக்கோளின் உண்மையான வேலை தொடங்குகிறது.

படகுக்கு வந்த கருவிகள்

இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் உள்ளது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே கரைக்குச் செய்தி போகும். ஆனால் செய்தி சேர்ந்ததா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. ஒக்கிக்குப் பின், 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. இது ககன் செயற்கைக்கோள்கள் வழியே புயல் எச்சரிக்கையை வாங்கி மீனவரின் கைப்பேசியில் காட்டும். இங்கே குறை நேர்மாறானது: கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. ஒன்றுக்கு வாய் மட்டும், மற்றதற்குக் காது மட்டும். 2024-இல் முதல் கருவியின் புதிய வகை, செய்தி கிடைத்தது என்ற பதிலையும் படகுக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று, ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இருவழிச் செய்திக் கருவிகளை இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கியது.

இதில் ஒரு பொருத்தமும் உண்டு. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் புறப்பட்டது திருவனந்தபுரம் அருகிலுள்ள தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்துதான். அந்த மக்கள் தங்கள் நிலத்தையும் தேவாலயத்தையும் விண்வெளி ஆராய்ச்சிக்கு விட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆராய்ச்சியின் பயன் மீனவர் கைக்கு முழுமையாக வந்து சேர்வது அவர்களுக்கு நாம் பட்ட கடன்.

கருவி படகில் ஏறினால் மட்டும் போதாது. அது இயங்க வேண்டும், செய்தி மீனவருக்குப் புரியும் மொழியில் வரவேண்டும். தோப்பும்படியிலிருந்து புறப்படும் குமரி மாவட்டப் படகுக்கு அது தமிழில் வரவேண்டும் என்று கேட்பது நம்மைப் போன்ற சங்கங்கள் செய்யக்கூடிய காரியம். உங்கள் உறவினர் எவரேனும் கடலுக்குப் போகிறவரானால், அடுத்த முறை பார்க்கும்போது, "அண்ணே, படகில் அந்தக் கருவி இருக்கிறதா? வேலை செய்கிறதா?" என்று கேளுங்கள்.

பிள்ளைகள் சிந்திக்க:
1. கரைக் கோபுரத்தை இரு மடங்கு உயர்த்தினால், ஆழ்கடல் படகுக்குக் கைப்பேசி கிடைத்துவிடுமா?
2. கேட்க மட்டும் முடிகிற கருவி, சொல்ல மட்டும் முடிகிற கருவி: புயலுக்கு முன் எது உதவும்? படகு கவிழ்ந்த பின் எது உதவும்?