2 ஜிபி ராமில் லினக்ஸ் திணறினால்...

பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் சின்னமன் போட்டிருக்கிறேன். ராம் 2 ஜிபி. பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே மவுஸ்கூட நகர்வதில்லை. புது கம்ப்யூட்டர்தான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். அடுத்த முறை உறையும்போது ஹார்ட் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அது விடாமல் மின்னினால் பெரும்பாலும் ராம் நிரம்பிவிட்டது என்று பொருள். இடமில்லாததை லினக்ஸ் டிஸ்க்கில் உள்ள 'ஸ்வாப்' பகுதிக்குத் தள்ளுகிறது. சுழலும் டிஸ்க்குக்கு ராமின் வேகம் கிடையாது.

சிஸ்டம் மானிட்டரைத் திறந்து, புரோகிராம் பட்டியலில் 'மெமரி' தலைப்பைச் சொடுக்குங்கள். அதிகம் விழுங்குவது மேலே வந்து நிற்கும், அநேகமாக பிரவுசர்தான். 'கேஷ்' கணக்கைக் கண்டு பதறாதீர்கள். சும்மா கிடக்கும் ராமில் லினக்ஸ் ஃபைல்களை வைத்துக்கொள்கிறது. வேறு புரோகிராம் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியது, சாஃப்ட்வேர் மேனேஜரில் 'இசட்ராம்-டூல்ஸ்' தேடி நிறுவுவது. டிஸ்க்குக்குப் போக வேண்டியதை இது ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். 2014-ல் லினக்ஸ் கர்னலில் முறைப்படி சேர்ந்த நுட்பம் இது. 2020-ல் வந்த ஃபெடோரா 33 இதை இயல்பாகவே இயக்கத் தொடங்கியது.

அடுத்து, சின்னமனை விட்டு எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புக்கு மாறுங்கள். பார்வைக்குக் கொஞ்சம் எளிமை, ராமுக்கு நல்ல மிச்சம். 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்' பகுதியில் தேவையில்லாதவற்றை அணைத்துவிடுங்கள்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால், மதர்போர்டில் காலி ஸ்லாட் உண்டா என்று பார்த்து, அதே வகை ராம் இன்னொரு 2 ஜிபி வாங்கிப் போடுங்கள். உங்கள் மெஷினுக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.