சுனிதா மாட்டிக்கொண்டாரா?



2025 மார்ச் 19, விடியற்காலை 5.57. திரிங்காப்பில் நல்ல குளிர். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நான் பாட்டியோடு உட்கார்ந்து நேரலை பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பாராசூட்கள் விரிய, சுனிதா வில்லியம்ஸ் வந்த டிராகன் விண்கலம் ஃபுளோரிடா கடலில் இறங்கியது. பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒம்போது மாசமா அந்தப் பிள்ள அங்க மாட்டிக்கிட்டு என்னா பாடு பட்டுச்சோ!"

"மாட்டிக்கல பாட்டி. திரும்பி வர்றதுக்கு விண்கலம் அங்கயே நின்னுச்சு."

"அப்புறம் ஏன்யா குடும்பப் புலனத்துல நீ அப்படி அனுப்புன?"

எனக்குப் பதில் வரவில்லை. 'சிக்கித் தவிக்கும் சுனிதா' என்ற தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பகிர்ந்தவன் நான்தான். அதுவும் பொறியியல் படிக்கிறவன்! அவருக்காகப் பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றியது அன்றுதான் தெரிந்தது.

உண்மையில் நடந்தது என்ன?

2024 ஜூன் 5-இல் சுனிதாவும் புட்ச் வில்மோரும் ஸ்டார்லைனரில் கிளம்பினார்கள். ஏறக்குறைய எட்டு நாள் பயணம் என்பது திட்டம். வழியில் ஹீலியம் கசிந்தது. சில உந்துபொறிகள் செயலிழந்தன. இந்தக் கெட்ட செய்தி பொய்யில்லை. நாசா அதை மறைக்கவும் இல்லை.

2003-இல் கொலம்பியா விண்கலம் திரும்பும்போது சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை இழந்தோம். அந்தப் பாடம் நினைவிலிருந்ததால், சந்தேகம் உள்ள ஸ்டார்லைனரில் ஆளை ஏற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். செப்டம்பரில் அது காலியாகத் தரையிறங்கியது. அதே மாதம் நால்வருக்கான டிராகனில் இருவர் மட்டும் போனார்கள். மீதி இரண்டு இருக்கைகள் இவர்களுக்கு. மாற்றுக் குழு வரும்வரை தங்கி வேலை செய்ததால்தான் 286 நாள் ஆனது. 'தவித்தவர்' என்று நாம் சொன்ன சுனிதா, விண்வெளி நிலையத்தின் தளபதியாக இருந்தார். இரண்டு முறை வெளியே இறங்கி வேலையும் பார்த்தார்.

இதிலிருந்து நான் படித்த பாடம் இதுதான். பழுதைச் சொல்லும் செய்தி உயிரைக் காக்கும். பயத்தை மட்டும் சொல்லும் தலைப்பு, விளக்கேற்றும் ஒரு பாட்டியின் தூக்கத்தைக் கெடுக்கும்.

'கேமரன் மலையில் மண்சரிவு' என்று செய்தி வந்தால், கீழே இருக்கும் சொந்தக்காரர்கள் பதறிப்போய் அழைப்பார்கள். மேலே இருக்கும் நாம் என்ன கேட்போம்? "எந்த ரோட்டுல? வேற வழி இருக்கா? சரிபண்ண ஆள் வந்தாச்சா?" இந்த மூன்று கேள்வியையும் எந்தச் செய்தியிடமும் கேட்கலாம். எது பழுது? மாற்று வழி உண்டா? யார் என்ன செய்கிறார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

அன்று காலை குடும்பப் புலனத்தில் நடந்ததை முழுசாக எழுதி, முன்பு அனுப்பியதற்கு மன்னிப்பும் கேட்டேன். பாட்டி சொன்னார்: "இதை அப்பவே எழுதியிருக்கலாம்ல? சரி, வா, பசியாறு."