ஈரெரிபொருள் இயந்திரம்

அடுப்பிலே காவோலையை எரிப்பதும் வேப்பம் விறகை எரிப்பதும் ஒன்றல்ல. காவோலை பற்றியவுடன் எரிந்து தீரும்; விறகு மெல்லப் பற்றி நின்றெரியும். அடுப்பு ஒன்றேயாயினும் எரிப்பவர் கைப்பக்குவம் வேறுபடும். மோட்டார் வண்டியின் இயந்திரமும் இத்தகையதே. பெற்றோலிலும் எதனோல் என்னும் மதுசாரத்திலும் ஓர் இயந்திரத்தையே ஓட்டுவது எவ்வாறு என்பதை மாணவர்பொருட்டு ஈண்டு விளக்குவாம். தமிழாசிரியன் இயந்திரத்தைப் பற்றி எழுதலாமோ என ஐயுறுவோர்க்கு, இரசாயனக் கணக்கைத் தமிழிலும் செய்து பார்க்கலாம் என்பதே எமது விடை.

இம்முயற்சிக்கு முதன்மையான களம் பிறேசில் நாடாகும். 1973ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியது. கரும்பு விளையும் அந்நாடு 1975இல் மதுசாரத் திட்டத்தைத் தொடங்கியது. 1979இல் மதுசாரத்தில் மட்டுமே ஓடும் கார்கள் விற்பனைக்கு வந்தன. 1980களின் நடுப்பகுதியில் அங்கு விற்கப்பட்ட புதுக் கார்களுட் பெரும்பாலானவை அவையே. பின்னர் எண்ணெய் விலை வீழ்ந்தது. சீனி விலை ஏறியது. ஆலைகள் கரும்பைச் சீனிக்குத் திருப்பின. 1989, 1990ஆம் ஆண்டுகளில் மதுசாரத்துக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. அவ்வண்டிகளை வாங்கியோர் வேறு எரிபொருள் இட வழியின்றி இடருற்றனர். மக்களுக்கு அவற்றின்மீதிருந்த நம்பிக்கையும் அற்றுப்போயிற்று.

அவ்வண்டிகளிற் பெற்றோலை இட்டு ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். இதற்கு விடை காற்றின் கணக்கில் உள்ளது. 46 கிராம் எதனோல் முற்றாக எரிவதற்கு 96 கிராம் ஒட்சிசன் வேண்டும். காற்றின் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 23.2 பங்கு ஒட்சிசன். ஆகவே வேண்டிய காற்று ஏறக்குறைய 414 கிராம். அதனை 46ஆல் வகுக்க 9 வரும். அஃதாவது 1 பங்கு எதனோலுக்கு 9 பங்கு காற்று வேண்டும். பெற்றோலுக்கோ 14.7 பங்கு வேண்டும். எதனோல் தன் மூலக்கூற்றிலேயே ஒட்சிசனை உடையதாதலின் குறைந்த காற்றே அதற்குப் போதுமானது. எனவே உருளையினுட் புகும் அதே காற்றுக்குப் பெற்றோலைவிட நிறையில் ஏறக்குறைய 1.6 மடங்கு எதனோலைச் செலுத்துதல் வேண்டும். குறையின் இயந்திரம் வலுவிழந்து திணறும். பெற்றோலை அவ்வளவு செலுத்தினாற் கரும்புகை கக்கும்.

இரண்டாவது, தீப்பொறியின் காலம். எதனோலின் ஒக்டேன் எண் உயர்ந்தது. ஆகையால் தட்டொலி எழாமல் அதனைக் கூடுதலாக நெருக்கலாம். பொறியையும் முன்னதாக எழுப்பலாம். நெருக்கல் விகிதம் பெரும்பாலான இயந்திரங்களில் ஆக்கும்போதே நிலைத்துவிடுவது. ஆதலின் இரண்டுக்கும் ஏற்ற இடைப்பட்ட அளவொன்றை அமைத்து, பொறியின் காலத்தை மட்டும் எரிபொருளுக்கேற்ப மாற்றுவர்.

மூன்றாவது, தொடக்கம். எதனோல் ஆவியாகும்போது மிகுந்த வெப்பத்தை உறிஞ்சும். குளிர்ந்த இயந்திரத்தில் எளிதிற் பற்றாது. ஆகவே பெற்றோலுக்கெனச் சிறு தாங்கியொன்றை வைத்து, அதிற் சிறிது செலுத்தித் தொடங்கினர். 1990களில், தடைக்காலத்து யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோல் விட்டுத் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களை அறிந்த பழைய மாணவர்க்கு இஃது எளிதில் விளங்கும். 2009இல் எதனோலை முன்னரே சூடேற்றும் அமைப்பு வந்தபின் அச்சிறு தாங்கியும் தேவையற்றதாயிற்று. இவையன்றி, எதனோல் சில உலோகங்களை அரிக்கும். சில இறப்பர் வகைகளை ஊதச் செய்யும். ஆதலின் அது செல்லும் குழாய்களையும் தாங்கியையும் தாக்குப்பிடிக்கும் பொருள்களால் ஆக்குதல் வேண்டும்.

நிற்க. தாங்கியில் உள்ளது எதுவென இயந்திரம் அறிவது எவ்வாறு? அடுப்பெரிப்பவர் புகையைக் கண்டு விறகைத் தள்ளுவதும் இழுப்பதும் போன்றதே அவ்வழி. புகைபோக்கிக் குழாயில் அமைந்த உணரி, எரிந்தபின் எஞ்சிய ஒட்சிசனை உணர்ந்து சிறு கணினிக்கு அறிவிக்கும். ஒட்சிசன் மிஞ்சினாற் கணினி எரிபொருளைக் கூட்டும், மிஞ்சாவிடிற் குறைக்கும். எவ்வளவு கூட்டவேண்டியிருந்தது என்பதிலிருந்து கலவையில் எதனோலின் பங்கை மதித்து, பொறியின் காலத்தையும் திருத்தும். இம்முறையில் அமைந்த வொல்க்ஸ்வாகன் கோல் 2003இல் பிறேசிலில் விற்பனைக்கு வந்தது. பெற்றோல், எதனோல், இரண்டின் எக்கலவையாயினும் அதற்கு ஏற்புடையதே.

ஒரு லீற்றர் எதனோலில் உள்ள சக்தி, ஒரு லீற்றர் பெற்றோலிலுள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. ஆதலால் எதனோலின் விலை பெற்றோல் விலையில் நூற்றுக்கு 70க்குக் கீழிருப்பின் அதனை இடுவதே இலாபம் என்பது அந்நாட்டார் கொள்ளும் கணக்கு. ஆலையார் எதனோலைக் குறைத்தால் இனி அவர்கள் வழியில் நிற்கவேண்டியதில்லை. பெற்றோலை இட்டுச் செல்வர். தேர்வு வாங்குவோர் கைக்கு வந்தது. இயந்திரம் பெற்ற திருத்தத்தின் பெரும்பயன் இதுவேயாம்.

மாணவர்க்கு ஒரு வினா: பெற்றோலும் எதனோலும் நிறையிற் சமமாகக் கலந்த 1 பங்கு எரிபொருளுக்குக் காற்று எத்தனை பங்கு வேண்டும்? கணித்துக் காண்க.